ஒரு பெயருக்கு ஒரு ஆள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் என் நலத்தைக் கேட்காதே. நீ லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே இறங்குகிறாய்?

போனை விட்டுவிட்டு இது என்ன கடிதம் என்று கேட்பாய். உன் மருமகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து போனில் நான் யாரோடும் பேசுவதில்லை. மணி அடித்தால் அவன்தான் என்று விழுந்தடித்து ஓடுகிறேன். நீ என்று தெரிந்ததும் உன் மேல் வருகிற கோபம் எனக்கே பிடிக்கவில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அவன் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் வைத்துவிட்டால் என்ன செய்வேன்? அதனால் போனும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம். எழுது.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இருபது வயசுப் பையன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான், பசிச்சா வந்துடுவான்மா" என்றார்கள். பசித்தால் வாயைத் திறக்கிற பிள்ளையா அவன்? ஊமைக்கரடி என்று நான் திட்டுவது சும்மாவா?

நடந்தது உனக்குத் தெரியும். மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் பாதாள விளையாட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பிளக்கைப் பிடுங்கினேன். "அந்தக் குழிக்குள்ளயே போய்க் குடியிரு" என்றேன். விடிந்தபோது ஆள் இல்லை.

கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை, அவன் நம்பரும் அணைந்தே கிடக்கிறது. ஆனால் எங்கே இருந்தாலும் அவன் அதை விளையாடாமல் இருக்க மாட்டான், ஏதாவது நெட் சென்டரில் உட்கார்ந்தாவது ஆடுவான் என்று அவன் சிநேகிதன் சொல்கிறான். நீயும் அவனும் சேர்ந்து ஆடினவர்கள்தானே. எனக்குச் சொல்லிக்கொடு. வெளியே தேடி அலுத்துவிட்டேன், உள்ளே போய்த் தேடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 14

என் அருமை அக்காவுக்கு,

நான் சுகம். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன், மேலே ஒருவரைக் காவலுக்கும் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். உன் சுகத்தைக் கேட்கக் கூடாது என்றாய், ஆனாலும் கேட்கிறேன்.

முதலில் ஒன்று. உள்ளே நுழையும்போது திரையில் 'ஊமைக்கரடி' என்று வரும். அதுதான் அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர். நீ திட்டுவதை வீணாக்கவில்லை பார். அதைத் தொடாதே. ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான். நீ அந்தப் பெயரில் உள்ளே போனால், அவன் எங்கே ஆடிக்கொண்டிருந்தாலும் வெளியே தள்ளிவிடும். நீயாக ஒரு புதுப் பெயர் வை.

எந்த ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்கும். வாள்வீரன் வேண்டாம், நீ கோபக்காரி, கண்டதையும் வெட்டப் போய்ச் செத்துப்போவாய். மந்திரவாதிக்கு இரண்டு அடி தாங்காது. வைத்தியச்சியை எடு. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வாள், எல்லாக் கூட்டத்திலும் சேர்த்துக்கொள்வார்கள்.

கிடைத்ததையெல்லாம் பொறுக்காதே. பை கனத்தால் நடை குறையும், ஓட முடியாது. பெட்டியைக் கண்டதும் திறக்காதே, பாதிப் பெட்டிகளுக்குப் பல் உண்டு. கூட்டமாக வந்தால் கதவிடுக்கில் நின்றுகொள், ஒவ்வொருவராகத்தான் உள்ளே வர முடியும். சிவப்புக் கோடுதான் உயிர். அது பாதியானதுமே சிவப்பு மருந்துக் குப்பியைக் குடி. 'இன்னும் கொஞ்சம் பொறுப்போம்' என்று நினைப்பவர்கள்தான் முதல் தளத்தைத் தாண்டுவதில்லை.

பிறகு 'கூட்டாளி அழைப்பு' என்று இருக்கும். அவன் பெயரைப் போட்டு அனுப்பு. ஏற்றுக்கொண்டால், அவன் உள்ளே இருக்கும்போதெல்லாம் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும்.

தூங்கு அக்கா. உன் எழுத்தே தூங்காதவள் எழுத்தாக இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலமாக இரு. இங்கே எனக்குக் கழுத்து வலி, வேறொன்றும் இல்லை. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் பிரேம் திருகாணியைக் குனிந்து பார்க்கிறேன், சாயங்காலம் திரையை நிமிர்ந்து பார்க்கிறேன்.

பெயர் கேட்டது. 'அம்மா' என்று போட்டேன். அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதாம். எவளோ ஒருத்தி எனக்கு முன்னால் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறாள் போல. கடைசியில் 'மூக்குக்கண்ணாடி' என்று வைத்தேன், போட்டிக்கு ஆள் இல்லை.

முதல் நாள் ஒரு எலி என்னைக் கொன்றது. இரண்டாம் நாளும் அதே எலி. கண்ணுக்குத் தெரியாத லென்ஸ் கீறலைத் தடவிக் கண்டுபிடிக்கிற எனக்கு, தரையில் இருக்கிற பொறி தெரியமாட்டேன் என்கிறது. நேற்று முதல் தளம் முடிந்தது. இதையாடா அவன் ஆசையாக ஆடினான்!

அழைப்பு அனுப்பிவிட்டேன். 'காத்திருக்கிறது' என்று சாம்பல் எழுத்தில் நிற்கிறது. விளக்கு இல்லை. அவன் உள்ளே வருகிறானா, அதையாவது உன்னால் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் உடனே எழுது. முடியாது என்றாலும் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நான் நலம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இரண்டாம் தளத்தில் இருட்டு அதிகம். விளக்கை இடது கையில் வைத்துக்கொள், சுவரை விட்டு விலகாதே. திரும்பும் ஓலை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், படித்தால் மேலே கொண்டுவந்து விட்டுவிடும். கிடைக்கிற பலப் புள்ளிகளை எல்லாவற்றிலும் பங்கு போடாதே, முழுவதையும் உயிரில் போடு. பெயர் தெரியாத குப்பியை ஆபத்து நேரத்தில் குடித்துப் பார்க்காதே, ஆபத்து இல்லாதபோது குடித்துப் பார்.

நீ கேட்டது. அவன் வந்துபோவதாகத்தான் தெரிகிறது. அழைப்பைக் கவனித்திருக்க மாட்டான். பொறு.

இங்கே பழைய கட்டடம் ஒன்றில் கம்பி வடம் மாற்றுகிற வேலை, நேரம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 2

என் தங்கத் தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய், நூறு வருஷம் இருப்பாய்.

எரிந்தது! நேற்று கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். சாம்பல் எழுத்து போய், ஊமைக்கரடிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு விளக்கு. எழுத்துகளைத் தேடித் தேடி 'நான் அம்மா' என்று அடித்தேன். அப்புறம் 'தெரியும்' என்று வந்தது. 'சாப்டியா' என்றேன். 'ம்' என்றான். அவனேதான்!

பிறகு மூன்றாம் தளத்துக்குக் கூட்டிப்போனான். கதவிடுக்கில் அவன் நின்றுகொண்டான், நான் பின்னால் நின்று அவன் காயத்தை ஆற்றினேன். ஒரு மணி நேரம் பிள்ளைக்கு மருந்து போட்டேனடா. அவன் போன நாளிலிருந்து நேற்றுதான் தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டேன்.

எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தது. உனக்கு என்ன வேண்டும், கேள்.

சந்தோஷத்துடன்,
அக்கா


மே 11

தம்பிக்கு,

நீ சுகமா? ஏப்ரலில் எழுதினதற்குப் பதில் இல்லை. சந்தோஷச் செய்திக்குப் பதில் போடாதவனை இப்போதுதான் பார்க்கிறேன். வேலை என்பாய்.

அவன் வாரத்தில் மூன்று நான்கு நாள் வருகிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறான். காசு இருக்கிறதா என்று கேட்டேன், 'இருக்கு' என்றான். வீட்டுக்கு வா என்றேன், 'பின்னால வாம்மா, பொறி இருக்கு' என்கிறான். என்னை அப்படியே ஓட்டிவிடுகிறான். ஆனால் இருக்கிறான். அந்த ஒன்று எனக்குப் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும், பதறாதே. போன வாரம் காவல் நிலையத்திலிருந்து கடைக்கு ஆள் அனுப்பினார்கள். வேறொரு ஊர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இந்த வயதில் ஒரு பையனாம், அடையாளம் தெரியவில்லையாம், வந்து பார்க்கச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "என் புள்ள நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் என்கூட இருந்தான்யா, வேற யாராவது அம்மாவைத் தேடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகவில்லை. விளக்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், வழியிலேயே செத்திருப்பேன்.

பதில் எழுது. நீயும் ஊமையாகிவிடாதே, வீட்டுக்கு ஒன்று போதும்.

அக்கா


மே 13

அக்கா,

நான் நலமே. கடிதம் கிடைத்தது. வேலையாக இன்று வெளியூர் போகிறேன், சில நாள் ஆகும். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை நீ. உன் ஊர்க் காவல் நிலையத்தில் நானே கேட்டுக்கொள்கிறேன். சும்மா தெரிந்துவைக்கத்தான்.

நீ எங்கும் போக வேண்டாம். சாப்பிடு.

தம்பி


ஜூன் 20

டேய்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று ஏழாம் தளத்தில் எலும்புக்கூடுகள் பின்பக்கமாக வந்தன. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். திரையில் ஒரு வரி வந்தது. 'அக்கா ஓடு'.

ஓடினேன். ஓடிப் போய்ப் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கின பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். என் வயிற்றில் பிறந்தவன் என்னை எதற்கு அக்கா என்று கூப்பிடுகிறான்? மறுபடி மறுபடி படித்தேன். அப்புறம் 'சரிடா தம்பி' என்று அடித்தேன். அந்த நொடியே பெயருக்குப் பக்கத்து விளக்கு அணைந்தது.

உன்னைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. உன் 'ம்'முக்கு நான் சோறு சாப்பிட்டேனே! உன் காயத்துக்கு மருந்து போட்டேனே!

எனக்கு இரண்டுக்குப் பதில் வேண்டும். எத்தனை நாளாக அது நீ? நீ இல்லாமல் அவனே கடைசியாக உள்ளே வந்தது என்றைக்கு? அந்தப் பிணவறையில் கிடந்தது யார்? மூன்றாகிவிட்டது, மூன்றுக்கும் சொல். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தெரியவில்லையே இத்தனை நாள்.

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

உன் கோபம் முழுவதற்கும் நான் தகுதியானவன். மூன்றுக்கும் உண்மையே எழுதுகிறேன்.

அந்தப் பெயரை நானும் அவனும் சேர்ந்து ஆரம்பித்தோம், அதன் கடவுச்சொல் எனக்கும் தெரியும். அவன் வருகிறானா என்று நீ பிப்ரவரியில் கேட்டபோது உள்ளே போய்ப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போன பிறகு சில நாள் வந்திருக்கிறான். பிப்ரவரி முதல் வாரத்தோடு சரி. அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. 'வந்துபோவதாகத்தான் தெரிகிறது' என்று எழுதினது பொய்.

உன் அழைப்பு அங்கே கிடந்தது. 'மூக்குக்கண்ணாடி கூப்பிடுகிறார்' என்று. எத்தனை நாள்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது! ஒரே ஒரு நாள் என்றுதான் ஏற்றுக்கொண்டேன். அன்றைக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன் என்று நீ எழுதிவிட்டாய். புலி வாலைப் பிடித்தவன் கதை ஆகிவிட்டது. அந்தக் கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.

பிணவறைக்கு நீ போகாதது என்னால். அதனால் நான் போனேன். வெளியூர் வேலை என்று எழுதினது அதுதான். துணியை விலக்கினார்கள். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முதலில் காலைப் பார்த்தேன். நம் பிள்ளை இல்லை அக்கா. முகத்தையும் பார்த்தேன், நம் பிள்ளை இல்லவே இல்லை. அங்கே நின்றுகொண்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு.

இனி அந்தப் பெயரில் நுழைய மாட்டேன். உன் மேல் சத்தியம்.

எழுதுவாயா என்று தெரியவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூலை 15

சத்தியவானுக்கு,

உன் நம்பரைப் போனில் தடுத்துவைத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் திட்டுவதற்காகத்தான்.

இந்த மூன்று வாரமும் தினம் உட்கார்ந்தேன். விளக்கு எரியாது என்று தெரியும், இருந்தாலும் உட்கார்ந்தேன். யாரிடம் போய் உட்காருவேன் வேறே? காவல் நிலையத்திலும் ஒன்றும் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு என் பிள்ளை பூமியில் எங்கே இருக்கிறான் என்பதற்கு ஒரு பொட்டுச் சாட்சி இல்லை. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

நேற்று எரிந்தது. என் மேல் செய்த சத்தியம் மூன்று வாரம் தாங்கவில்லை, இல்லையா? ஊமைக்கரடி வந்து எனக்கு எதிரே நின்றது. வந்த ஆத்திரத்தில் எனக்கு எழுத்தெல்லாம் தானாகக் கிடைத்தது. என்ன அடித்தேன் என்பதை மறுபடியும் எழுதுகிறேன், நன்றாகப் படி.

"வெக்கமா இல்ல உனக்கு? என் புள்ள பேரைப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே வந்து நிக்குற. அவன் வந்தா எங்கடா போனேன்னுகூட கேக்க மாட்டேன். ஏன் போனேன்னும் கேக்க மாட்டேன். பிளக்கைப் புடுங்குனது என் தப்பு. வேலைக்குப் போனாப் போறான், போகாட்டிப் போறான், கண்ணு முன்னாடி இருந்தாப் போதும். இதை அவன்கிட்ட சொல்ல எனக்கு வழி இல்ல, உன்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்? போ, இனி வராத."

ஒரு வார்த்தை பேசவில்லை நீ. அப்படியே நின்றாய். திட்டி முடித்த பிறகும் நின்றாய். பிறகு ஒரு சிவப்புக் குப்பியை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டாய். உன் குப்பி எனக்கு வேண்டாம், எடுக்கவில்லை.

இனி எழுதாதே.

அக்கா


ஜூலை 18

அக்கா,

நலம், நலம், எல்லாம் பிறகு. எங்கள் நிறுவன வண்டி இப்போதே உன் ஊருக்குக் கிளம்புகிறது. ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரை வாசலில் நிற்கவைத்துத் திட்டாதே, அவர் பாவம். போனில்தான் என்னைத் தடுத்துவிட்டாய், வேறு நம்பரில் பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். புதுப் பெயரில் உள்ளே வந்து 'நான்தான் தம்பி' என்று சொன்னால், இனி எந்தப் பெயரை நீ நம்புவாய்?

அக்கா, அது நான் இல்லை.

ஜூன் 26-க்குப் பிறகு நான் உள்ளே போகவே இல்லை. உன் கடிதம் கிடைத்ததும் அந்தப் பெயரில் நுழைய முயன்று பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்கிறது. மூன்று தடவை அடித்தேன், தவறு என்றே வருகிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதை மாற்றக்கூடியவன் என்னைத் தவிர ஒருவன்தான்.

கொஞ்சம் யோசித்துப் பார். நீ திட்டும்போது பதிலுக்கு நான்கு வார்த்தை பேசாமல் என்றைக்காவது நான் நின்றிருக்கிறேனா? உன் திட்டு முழுவதையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் நம் வீட்டில் யார்?

நீ 'போ' என்றிருக்கிறாய். 'வராத' என்றிருக்கிறாய். அதற்கு முன்னால் மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறாய். எதை எடுத்துக்கொண்டு போனான் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. பயமாக இருக்கிறது. போய் உட்கார். இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், போ.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

நன்றாக இரு.

ஓட்டுநர் வந்தபோது நான் கடையில் இருந்தேன். ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே காதில் தொங்க விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்றைக்கு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அந்த இரண்டு நாளை எழுத என்னால் முடியாது. 'வராத' என்று என் கையால் அடித்தேனே, என் பிள்ளையைப் பார்த்து!

நேற்று எரிந்தது. நான் ஒன்றும் அடிக்கவில்லை. விரல் வரவில்லை. அவனாகத்தான் முதலில் எழுதினான்.

"மாமாவை ஏம்மா அப்படித் திட்டுற?"

நான் அழுததில் திரையே தெரியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்க விரல் போனது. 'எ' வரைக்கும் அடித்துவிட்டேன். அழித்தேன். கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே. 'சாப்டியா' என்று மட்டும் கேட்டேன். 'இல்ல. நீ?' என்றான். 'இல்ல' என்றேன்.

பிறகு படிக்கட்டுப் பக்கம் நடந்தான். நான் பின்னால் போனேன். எனக்கு இன்னும் அவன் இருக்கிற ஊர் தெரியாது, தெரு தெரியாது, தலைக்கு மேலே கூரை இருக்கிறதா தெரியாது. அடுத்த தளத்தின் வாசலில் அவன் நின்று திரும்பிப் பார்த்தான். நான் இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருந்தேன். நான் வந்து சேருகிறவரைக்கும் அவன் கதவைத் திறக்கவில்லை.

அக்கா